வளர்மதி, அந்த டாஸ் என் தப்பு

அடியே வளரு, என் செல்லமே,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. போய்ச் சேர்ந்தவளிடம் அதைக் கேட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாய். சிரிச்சுக்கோ. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ரகசியமாக எழுதி உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தால் அது இன்னொரு திருட்டுத்தனம். அந்த வேலையை ஏற்கெனவே நிறையச் செய்துவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. போன டிசம்பர் கடைசியில் அடித்த புயலை நீ பார்க்கவில்லை. முந்திரித் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. கடலூரில் ஒரு மாசம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், இப்போதும் பாதி நாள் இல்லை. நம் காலேஜ் கிரவுண்டில் நெட் கட்டுகிற கம்பத்தின் மேல் வேப்பமரம் விழுந்தது. ஸ்போர்ட்ஸ் ரூம் கூரை பறந்துபோய் உள்ளே இருந்ததெல்லாம் நனைந்தது. கேப்டன் போர்டும் நனைந்து, பெயின்ட் உப்பி உப்பி உரிந்துவிட்டது.

அந்த போர்டு உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மகளிர் வாலிபால் டீமின் கேப்டன்கள் பெயரை வருஷ வாரியாக வெள்ளை எழுத்தில் எழுதிவைத்த பச்சைப் பலகை அது. மற்ற காலேஜில் யார் ஓங்கி அடிக்கிறாளோ அவளைக் கேப்டன் ஆக்குவார்கள். எங்கள் காலேஜில் செட்டர்தான் கேப்டன். எதிராளி போட்ட பந்தை ஒருத்தி எடுத்துக் கொடுத்ததும் அது செட்டர் கைக்குத்தான் போகும். அடுத்து யார் அடிப்பது என்று அவள்தான் முடிவு பண்ணி ஏற்றிக் கொடுப்பாள். பந்து முழுக்க அவள் கை வழியாகத்தான் போகிறது, அப்புறம் பொறுப்பை மட்டும் ஏன் வேறு ஒருத்திக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பி.டி. மேடத்தின் கணக்கு.

அதனால் அந்த போர்டு முழுக்க செட்டர்கள்தான். ஜெயராணி அக்கா ஞாபகம் இருக்கா? நாம் சேர்வதற்கு முன்பே முடித்துப் போனாலும் பழைய மாணவிகள் மேட்சுக்கு வந்து நம்மை ஒரு வழி பண்ணும். தன்னிடம் வாய் பேசியவளுக்கு அந்த செட் முழுக்க ஒரு பந்து தராது. கடைசியில் அவளே வந்து, "அக்கா, தெரியாம பேசிட்டேன்க்கா, ஒரே ஒரு பந்து குடுக்கா" என்று கெஞ்சணும்.

அப்புறம் நம் பரிமளா அக்கா. சுனாமி வந்த வருஷத்துக் கேப்டன், நாம் முதல் வருஷம். டீமில் பாதிப் பேர் கடலோரத்துப் பிள்ளைகள். ஒருத்தியும் காலேஜுக்கு வரவில்லை. அந்த அக்கா ஒவ்வொரு கல்யாண மண்டபமாக ஏறி இறங்கித் தேடியது. உங்கள் குடும்பம் தங்கியிருந்த மண்டபத்துக்கு நானும் கூட வந்தேன். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அது உன் கையைப் பிடித்துத் தூக்கி, "அழுவறத கிரவுண்டுல வந்து அழு. இங்க குந்திகினு அழுதா எவளும் கேக்க மாட்டா" என்றது. மறுநாள் நீ வந்தாய். அந்த வருஷமே உன்னைப் பார்த்து, அடுத்த செட்டர் இவள்தான் என்று அது மேடத்திடம் சொல்லிவிட்டது.

இப்படி வரிசையாக செட்டர்கள் பெயராக வந்துகொண்டிருந்த போர்டில் ஒரே ஒரு வருஷம் மட்டும் செட்டர் இல்லாதவள் பெயர். 2006-07, அ. எஸ்தர். நான்தான். பந்து ஏற்றிக் கொடுக்கச் சொன்னால் என் தலையிலேயே விழும். அடிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அது எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். உனக்குத் திக்குவாய். வீட்டில் கொஞ்சம், வெளியே ஜாஸ்தி, புது ஆளைப் பார்த்தால் ஒன்றுமே வராது. கேப்டன் என்றால் அம்பயரிடம் போய்ப் பேசணும், டாஸ் கேட்கணும். மேடம் உன் பெயரைச் சொன்ன அன்றைக்கு நீ என்னை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போய், "நீ பே... பேசு. நான் ஆ... ஆட வைக்கிறேன்" என்றாய். மேடமும் ஒத்துக்கொண்டார். ஜெர்சியில் நம்பருக்குக் கீழே தைக்கிற கேப்டன் பட்டை எனக்கு வந்தது. முடிவெல்லாம் உன்னுடையது.

உன் விரல்தான் நம் டீமின் பாஷை. முதுகுக்குப் பின்னால் ஒரு விரல் காட்டினால் உயரப் பந்து, இரண்டு என்றால் தாழ்ந்த பந்து. டாஸ் போடும்போது கோட்டுக்கு வெளியே நின்று காட்டுவாய். ஒரு விரல் என்றால் சர்வீஸ் எடு, மூடின கை என்றால் பக்கம் கேள். வாய் உள்ள ஐந்து பேரை வாய் திறக்காமல் ஓட்டினாய். நான் உன் வாயாக இருந்தேன் என்று அப்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வாய் மட்டும்தான் என்பது எனக்கு உறுத்த ஆரம்பித்ததை உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது சிதம்பரத்துக்கு வருகிறேன். மண்டலப் போட்டி, ஃபைனல்.

அன்றைக்கு உன் அப்பா வந்திருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கடல் தொழிலுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மஞ்சப் பையோடு தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். மண்டல டீமில் உன்னை எடுத்தால் பி.டி. டீச்சருக்கு பி.பி.எட். படிக்க வைக்கிறேன், இல்லையென்றால் கல்யாணம் என்று அவர் உன்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன், அதுதான் என்னைக் கொல்கிறது.

இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது செட்டுக்கு மறுபடி டாஸ். ஜெயித்தேன். திரும்பிப் பார்த்தேன். நீ மூடின கையைக் காட்டினாய், கிழக்கே பார்த்தபடி நிற்கிற பக்கத்தைக் கண்ணால் காட்டினாய். கடல் காற்று அப்போது நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. காற்றை முதுகில் வாங்கி ஆடினால் நீ ஏற்றுகிற பந்து நெட்டைத் தாண்டி எதிராளி கையில் போய் உட்காரும். எட்டுப் பாயின்டில் பக்கம் மாறுவோம், அதற்குள் பொழுது இறங்கிக் காற்றும் அடங்கிவிடும் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். பிறந்ததிலிருந்து காற்றைப் பார்த்து வளர்ந்தவள் நீ.

பார்த்தேன் வளரு. பல வருஷம் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகப் பார்த்தேன். சுற்றிலும் ஐந்நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், தேர்வுக் கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் சர்வீஸ் நான் போடணும், அவர்கள் என்னைப் பார்க்கணும். "சர்வீஸ் சார்" என்றேன். எதிர் டீம் கேப்டன் உடனே நீ காட்டிய பக்கத்தை எடுத்துக்கொண்டாள்.

முதல் சர்வீஸை ஓங்கி அடித்தேன். காற்று அதைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே போட்டது. நீ ஏற்றிய பந்தெல்லாம் நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் போனது. எட்டுக்கு மூன்று. பக்கம் மாறினோம், நீ நினைத்தபடியே காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. உயிரைக் கொடுத்து ஆடியும் பதினைந்துக்குப் பதினொன்றில் தோற்றோம்.

மேடம் நேராக வந்தார். "எவடி சர்வீஸ் எடுக்கச் சொன்னது? காத்து அடிக்கிறது கண்ணு தெரியல?" கேட்டது பொதுவாக, பார்த்தது உன்னை. முடிவெல்லாம் உன்னுடையது என்று அவருக்குத் தெரியுமே. உன் அப்பா நாலடி தள்ளி நிற்கிறார். நான் கீழே பார்த்துக்கொண்டு ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு என்று உள்ளே அடிக்கிறது, வாய் வரவில்லை. ஊரையே பேச்சில் விற்றுவிட்டு வருகிற எஸ்தருக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வரவில்லை.

நீ பேசினாய். மூன்று வருஷத்தில் அத்தனை பேர் முன்னால் நீ வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். "நா... நான்தான் மேடம். நான்தான் சொ... சொன்னேன்."

அன்றைக்குச் சாயந்திரமே மண்டல டீமுக்கு நம் காலேஜிலிருந்து இரண்டு பெயர் கேட்டார்கள். மேடம் கோபத்தில் இருந்தார். என் பெயரும் இன்னொருத்தி பெயரும் போனது. உன் அப்பா மேடத்திடம் சொல்லிவிட்டு உன்னைத் தனியாக பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் வேனில் வந்தோம். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வேனில் நினைத்தேன். மறுநாளும் நாளைக்கு என்றுதான் நினைத்தேன்.

மண்டல சர்ட்டிபிகேட்டில் எனக்கு பி.பி.எட். சீட் கிடைத்தது. அதில் இந்த வேலை கிடைத்தது. குமராட்சிப் பக்கம் ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். தினமும் மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், வயக்காட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு டீம் சேர்த்திருக்கிறேன். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். நீ உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒவ்வொரு மாசமும் சம்பளக் கையெழுத்துப் போடும்போது தோன்றும். அடுத்த நிமிஷம் மறந்தும் போகும்.

உன் கல்யாணத்தில் ஒரு தடவை கேட்டேன். பிச்சாவரத்தில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிற மாப்பிள்ளை. தலை பின்னிக்கொண்டிருந்தவர்களை நகரச் சொல்லிவிட்டு, "ஏண்டி அன்னைக்கு அப்டிச் சொன்ன?" என்றேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பி... பின்ன யாரு சொல்லணும்? கேப்டன் நான்தானே" என்றாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். ஒரு மன்னிப்பாவது கேட்டேனா? பந்தியில் போய் நன்றாகச் சாப்பிட்டேன், அது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் கயல் பிறந்தாள். அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது உனக்குப் பேசத் தெம்பில்லை, என் உள்ளங்கையில் விரலால் ஏதோ காட்டினாய். அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். மேடம் இந்த மே மாசம் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் போர்டைப் புதுசாக எழுதிவிடணும் என்று பெயின்டரை வைத்து, பழைய கேப்டன்களையெல்லாம் பெயர் சரிபார்க்கக் கூப்பிட்டார். நானும் போனேன். இப்போதைய டீம் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய செட்டர்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார் மேடம். ஜெயராணி அக்கா கதை சொன்னேன், பரிமளா அக்கா கதை சொன்னேன், பிள்ளைகள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திவ்யா என்று ஒருத்தி, இப்போதைய செட்டர், துறுதுறுவென்று இருக்கிறாள். அவள் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இந்த போர்டுல எல்லாரும் செட்டருன்னீங்க. அப்ப நீங்களும் செட்டராக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். "இல்லடா, செட்டரு வளர்மதி. கேப்டனும் அவதான்" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பட்டை, டாஸ், மூடின கை, ஷூ லேஸ், எல்லாம் வந்துவிட்டது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவில்லை, மேடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மேடம் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. "இத்தினி வருஷம் வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருந்த? அவ உசுரோட இருந்தப்ப சொல்றதுக்கு என்ன? லிஸ்ட்ட மாத்தறதுக்கு எனக்கு ஒரு போன் போதும்டி. ஒரே ஒரு போன்!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் அவ மூஞ்சிய ஒழுங்கா பாத்திருக்கணும். அவ என்னிக்கு அப்டி ஒரு தப்பு பண்ணியிருக்கா?" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து பெயின்டரைக் கூப்பிட்டு என் பெயரை விட்டுவிட்டு உன் பெயரை எழுதச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்தேன். 2006-07, கோ. வளர்மதி. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

காலேஜில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்தப் பொய்யை நம்பி உன் வாழ்க்கையை முடிவு பண்ணியவர் அங்கே இல்லையே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராக உங்கள் ஊர் சுனாமி குடியிருப்புக்குப் போனேன். உன் அப்பா வாசலில் கயலுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நீ போன பிறகு பிள்ளையை அவர்தான் வைத்திருக்கிறார். கோணல் வகிடு எடுத்து, ஒரு பக்கம் சடை மேலே, ஒரு பக்கம் கீழே. "வாம்மா எஸ்தரு, சாப்ட்டியா?" என்றார். கயலைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"அப்ப அவ அன்னிக்குப் பொய்யா சொன்னா?"

"ஆமாப்பா. எனக்காகச் சொன்னா. தப்பு என்னுது."

அடிப்பார் என்று நினைத்தேன். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பஸ்ஸுல வரசொல்ல அவ என் பக்கத்துலதாம்மா குந்திகினு இருந்தா. ஒரு வார்த்த பேசல நானு. புதுச்சத்திரம் தாண்டுது, ஆலப்பாக்கம் தாண்டுது, பேசல. ஊருசனம்லாம் கேக்குமே, தொழில விட்டுட்டுப் போயி பொண்ணு தோத்தத பாத்துட்டு வந்தியான்னு. அந்தக் கோவம். பசிக்குதுப்பான்னா. காதுல உழாத மாதிரி இருந்துட்டேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க அவள படிக்க வச்சிருப்பீங்கப்பா. எல்லாம் என்னாலதான்" என்றேன்.

"தோத்திருந்தாலும் படிக்க வச்சிருக்கலாமே," என்றார். "யாரு கையப் புடிச்சாங்க?"

பார்த்தாயா வளரு, நான் என் பாரத்தை இறக்கி வைக்கப் போனேன். அது அவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. சொன்னது சரியா தப்பா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நீ இருந்தால் எது என்று விரலால் காட்டியிருப்பாய்.

அவரைத் தேற்றுவதற்காக போர்டு விஷயத்தைச் சொன்னேன். "காலேஜுல அவ பேர எழுதிட்டாங்கப்பா. இனிமே வர்ற பிள்ளைங்க எல்லாம் படிக்கும். நீங்க வந்து பாக்கணும்."

"எப்டி எழுதியிருக்காங்க?"

"கோ. வளர்மதின்னு."

"கோ எதுக்கு?"

"உங்க பேருப்பா. கோதண்டம். இனிஷியல்."

சீப்பில் சிக்கியிருந்த கயலின் முடியை ஒவ்வொன்றாக எடுத்தார். அப்புறம், "அத மட்டும் எடுத்துடச் சொல்லும்மா" என்றார்.

எடுக்கச் சொல்ல மாட்டேன் வளரு. நீ அவர் பெண், அந்த எழுத்து அங்கேயே இருக்கும். வருகிற சனிக்கிழமை வண்டி பிடித்து அவரையும் கயலையும் கூட்டிக்கொண்டு போய் அந்த போர்டுக்கு முன்னால் நிறுத்துவேன். வர மாட்டேன் என்பார், நான் விடப்போவதில்லை. அழுதால் அழட்டும், நானும் பக்கத்தில் நின்று அழுகிறேன். அதோடு முடித்துக்கொண்டு போகிறவளும் இல்லை நான். உன் பிள்ளை நாளைக்கு ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும், ஆடவே மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தாலும், படிக்கிற வரைக்கும் படிக்க வைப்பேன். எங்கேயிருந்து எப்படித் திரும்பி வந்தாலும், பசிக்குது என்று அவள் வாய் திறக்கும் முன்பே சோறு போட நான் இருப்பேன். இது சத்தியம்டி.

உன் கயலுக்குப் பெரியம்மா,
எஸ்தர்